கை நனைக்காத தம்பி

சலவைக்காரியின் காதில் ஒரு சேதி விழுந்தால் அது வாய் வழியாக வெளியே வர அதிக நேரம் ஆகாது. தெரு அவளுக்குத் தந்தி என்று பெயர் வைத்திருந்தது. அவளுக்கும் அது தெரியும், அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. "உங்க வீட்டு அழுக்கையெல்லாம் நான்தானே பாக்கறேன்? நான் சொல்லலேன்னா வேற யாரு சொல்லுவா?" என்பாள். அவளோடு சண்டைக்கு வருகிறவர்களும் அடுத்த வாரம் அழுக்கு மூட்டையோடு வந்து நிற்க வேண்டியிருந்ததால் எந்தச் சண்டையும் நீடித்ததில்லை.

வீட்டின் முன்பக்கம் கடை, நடுவில் குடித்தனம், பின்பக்கம் கிணறு. புருஷன் போன பிறகும் அவள் கடையை மூடவில்லை. துவைப்பதும் வேகவைப்பதும் அவள் பொறுப்பு. இஸ்திரி மகனுடையது. மருமகள் துணிகளைப் பிரித்து, ஓரத்தில் நூலால் அடையாளம் போட்டு, உலர்ந்ததை மடித்து அடுக்குவாள். அவளுக்கு இப்போது ஆறாம் மாசம். குனிய முடியாததால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

கிணறு இல்லாவிட்டால் அந்த வீடே இல்லை. விடிந்ததும் அண்டாவில் தண்ணீர் கொதிக்கும். சோடாவைப் போட்டு வெள்ளைத் துணிகளைக் கழியால் அமுக்குவாள். அப்புறம் சிமெண்டுத் தொட்டியில் அலசல், கடைசி அலசலுக்கு நீலம், அதற்குப் பிறகு கஞ்சி. குடிக்கவும் சமைக்கவும் அதே தண்ணீர்தான். பக்கத்து ரொட்டிக்கடைக்காரியின் கிணறு வற்றிப்போனதிலிருந்து அவளும் இங்கேதான் குடத்தோடு வந்து மாவு பிசைய எடுத்துப் போனாள். "எடுத்துக்கோ, எடுத்துக்கோ. ஊர்ல உன் ரொட்டி நல்லா இருக்குன்னு சொல்றாங்கன்னா அது உன் கைப்பக்குவம் இல்ல, என் கிணறு" என்று தந்தி சொல்வாள். ரொட்டிக்காரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "ஆமா, தண்ணியைச் சுட்டுத்தான் விக்கறேன்" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அனல் காற்றில் விரிப்புகள் கொடியில் போட்ட மாத்திரத்தில் அப்பளமாக விறைத்தன. மேட்டில் அரசாங்கக் கிடங்கு ஒன்று இருந்தது. உயரமான சுவர், இரும்புக் கதவு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட்டதும் இல்லை. மேட்டில் பெய்கிற மழையெல்லாம் இந்தத் தெருப் பக்கமாகத்தான் இறங்கி வரும். வராத மழையைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

அப்படியொரு நாளில்தான் தண்ணீர் இலாகாவின் ஜீப் தெருவுக்குள் வந்தது. ஓட்டி வந்தவர் தந்தியின் தம்பி. இரண்டு பேர் இறங்கி, தெருவிலிருந்த ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் மொண்டு, சின்னச் சின்னப் பாட்டில்களில் ஊற்றி மூடி, சீட்டு ஒட்டி எடுத்துப் போனார்கள். "என்னடா, கிணத்துக்கு ஜுரமா? ரத்தம் எடுத்துட்டுப் போறீங்க?" என்று தந்தி தம்பியிடம் கேட்டாள். அவர் சிரித்தார். அன்றைக்கு ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுத்தான் போனார். எந்தக் காலத்திலும் அக்கா வீட்டுக்கு வந்தால் முதலில் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பது அவர் வழக்கம்.

பாட்டில்கள் போனதோடு சரி. ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஒருநாள் இலாகா ஆள் வந்து தெருமுனைச் சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனான். மகன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்ப் படித்துவிட்டு வந்தான்.

"என்னடா போட்டிருக்கான்?"

"கிணத்துத் தண்ணி சோதனை முடிவைப் பொது நலன் கருதி வெளியிட மாட்டாங்களாம்."

"பொதுன்னா யாருடா?"

"நாமதான்."

"நம்ம நல்லதுக்காக நம்மகிட்ட சொல்ல மாட்டானா? அப்ப யாருகிட்டடா சொல்லுவான், பக்கத்து ஊர்க்காரங்கிட்டயா?"

தந்தி இதை அப்படியே தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தெரு சிரித்தது. இப்போது நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது, அப்படிச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு தம்பி வந்தபோது கிணற்றடிக்குப் போகவில்லை. ஒரு தர்பூசணியைக் கொண்டுவந்து மருமகளின் பக்கத்தில் வைத்தார். "தாகம் எடுத்தா இதைச் சாப்பிடும்மா. தண்ணியை விட இது நல்லது" என்றார். அக்கா டீ கொண்டுவந்தாள். வேண்டாம் என்றார். சாப்பிடச் சொன்னாள். வயிறு சரியில்லை என்றார். அடுத்த தடவையும் அதே கதை. அதற்கடுத்த தடவை ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, கண்ணெதிரே ஒரு பாட்டிலைத் திறந்து குடித்தார்.

சொந்தக்காரன் ஒரு வீட்டில் கை நனைக்கவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. தந்திக்குக் காரணமும் உடனே கிடைத்துவிட்டது. கொஞ்ச நாளைக்கு முன்னால் மகன் பேச்சு மும்முரத்தில் மாமாவின் சீருடைக் கால்சட்டையின் பின்பக்கத்தில் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டான். பெட்டியின் அச்சு அப்படியே பதிந்துவிட்டது. அது தெரியாமல் அவர் அதைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். தந்தி அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அன்று முதல் அவருக்கு முத்திரை என்று பேர் விழுந்தது.

"அதுக்குத்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கான். ஒரு கால்சட்டைக்காகக் கூடப்பொறந்தவ வீட்டுல தண்ணி குடிக்க மாட்டானாம். எவ்வளவு ரோஷம் பாரு" என்று அழுக்குத் துணியை உதறிக்கொண்டே சொன்னாள்.

மருமகள் மெதுவாக, "ரோஷக்காரர் எதுக்கு அத்தை பழம் வாங்கிட்டு வரணும்?" என்று கேட்டாள்.

"அது உனக்கு. உன்மேல அவனுக்கென்ன கோவம்? என்னை அவமானப்படுத்தறதுக்காக உனக்கு வாங்கிட்டு வரான். அவனை எனக்குத் தெரியாதா, இடுப்புல தூக்கி வளர்த்தவ நான்."

தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொள்கிறோமே, அதைப் போல ஆளைக் கவிழ்ப்பது வேறொன்றும் இல்லை.

இஸ்திரி மேஜையில் மகனுக்கு வேறொரு கவலை. உலர்ந்த துணியின்மேல் தண்ணீர் தெளித்துச் சூடான பெட்டியை வைத்ததும் ஆவி வரும். அந்த ஆவி முன்பெல்லாம் கஞ்சி வாசனை அடிக்கும். இப்போது மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு நெடி. அம்மாவிடம் சொன்னான். "புது நீலம்டா. மட்டமான சரக்கு, அதான்" என்றாள். டீயும் கறுத்துப்போய் வந்தது. அதற்கு டீத்தூள்காரனைத் திட்டினாள். ஆபீசர் குடியிருப்பிலிருந்து வாடிக்கையாக வரும் மூட்டைகள் ஒவ்வொன்றாக நின்றன. அதற்கு மெஷின் சலவைக்காரனைத் திட்டினாள். மருமகள் ஆறாம் மாசத்திலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். யாரையும் திட்ட முடியாததால் அதை மசக்கை என்று விட்டுவிட்டாள்.

மருமகள் மட்டும் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்குவதுதானே அவள் வேலை. ஒருநாள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு புருஷனிடம், "ஆபீசுக்கே போய்க் கேட்டுட்டு வாங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

மகன் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு போனான். நீளமான நடை, அதன் கடைசியில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. மனுஷன் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது என்று மகன் பின்னால் சொன்னான்.

"எங்க கிணத்துத் தண்ணி எப்படி இருக்குன்னு தெரியணும் சார்."

"கிணறு உங்களுடையது. தண்ணியைப் பத்தின தகவல் இலாகாவோடது."

"அதை எனக்குச் சொல்ல முடியாதா?"

"பாதிக்கப்பட்டவங்க மட்டும் கேக்கலாம். நீங்க பாதிக்கப்பட்டவரா?"

"பாதிச்சிருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் சார் கேக்கறேன்."

"பாதிப்பு இருக்குன்னு காட்டினாத்தானே தம்பி மனு வாங்க முடியும்?"

"சார், என் வீட்டுக்காரி மாசமா இருக்கா."

குமாஸ்தா பேனாவை மூடி வைத்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "மாமியார் வீடு எந்த ஊரு?" என்று கேட்டார். இவன் சொன்னான். "முதல் பிரசவம்னா பொண்ணு அம்மா வீட்டுல இருக்கறதுதான் நல்லது. சீக்கிரமா அனுப்பிடுங்க" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டார்.

வெளியே மாமா ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகன் நேராக அவரிடம் போனான்.

"மாமா, நீங்கதானே அவங்களைக் கூட்டிட்டு அலையறீங்க. ஜீப்புல பேசிப்பாங்கல்ல? என்ன பேசினாங்க?"

"முன்சீட்டுல இருக்கறவனுக்குக் காது கிடையாதுடா."

"மாமா..."

"எனக்கு முன்னாடி இருந்த டிரைவர் பொண்டாட்டிகிட்ட ஏதோ ஒரு வார்த்தை சொன்னான். பொண்டாட்டிகிட்டத்தான். அவன் இப்ப எங்க இருக்கான்னு அவளுக்கே தெரியாது." துணியைப் பிழிந்தார். அதில் பிழிவதற்கு ஈரமே இல்லை. "உங்கம்மா வாயி உனக்குத் தெரியும். என்கிட்ட ஒண்ணும் கேக்காத. நான் உங்க வீட்டுல கை நனைக்கறதில்லேன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ."

மகனுக்கு அது உறைத்ததா என்றால், பாதி உறைத்தது. வீட்டுக்கு வந்து, குமாஸ்தா சொன்னதை அம்மாவிடம் சொன்னான். மாமா சொன்னதையும் சொன்னான். தந்தி இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டாள். "பாத்தியா, வாய்விட்டே சொல்லிட்டான்! கை நனைக்க மாட்டேன்னு என் பிள்ளைகிட்டயே சொல்லி அனுப்பறான்!" என்று கண்ணைக் கசக்கினாள். மருமகளை இந்த வெயிலில் அவ்வளவு தூரம் பஸ்ஸில் அனுப்ப முடியாது என்றும் சொல்லிவிட்டாள். குமாஸ்தாவின் கதையைக் கை கால் வைத்துத் தெருவில் நடித்துக் காட்டினாள். இந்தத் தடவை தெரு சிரிக்கவில்லை. ரொட்டிக்காரி மறுநாளிலிருந்து சந்தைக்கு அப்பால் இருக்கும் குழாயில் வரிசையில் நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். தெருவே குடத்தோடு நடந்தது.

"போங்கடி, போங்க. என் கிணத்தை எனக்குத் தெரியாதா?" என்று தந்தி வாசலில் நின்று சொன்னாள்.

தம்பி மறுபடி வந்தபோது ஜீப்பின் பின்னாலிருந்து ஒரு பெரிய கேனை இறக்கினார். "ஆபீஸ்ல மிச்சமானது. வீணாப் போகுதேன்னு எடுத்துட்டு வந்தேன். மருமகளுக்குக் குடிக்க வச்சுக்கோ அக்கா." தந்தி கேனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"என் வீட்டுத் தண்ணி அவ்வளவு கேவலமா போச்சா உனக்கு? எனக்கே தண்ணி பிச்சை போட வந்துட்டியா?"

"அக்கா, நான் சொல்றதைக் கேளு..."

"சொல்லு. கேக்கறேன். என்ன கோவம், சொல்லு."

அவர் வாயைத் திறந்தார். எதிர்வீட்டுத் தையல்காரர் ஊசியை நிறுத்திவிட்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். துணி வாங்க வந்த இரண்டு பேர் நின்றார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். தந்தி கேனைத் தூக்கி, அவர் பார்க்கப் பார்க்க, சோப்புத் தொட்டியில் கவிழ்த்தாள். அன்றைக்கு நுரை பொங்கிப் பொங்கி வந்தது. இவ்வளவு நுரையை அந்தத் தொட்டி ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. மருமகள் அந்த நுரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெரு மொத்தமும் குழாய்க்கு நடப்பது இலாகாவின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? ஒரு காலை ஜீப் வந்தது. சின்ன ஆபீசர் இறங்கினார். நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை. அந்தச் சட்டை முன்பு இந்தக் கடையில் வெளுத்ததுதான், ஓரத்தில் மருமகள் போட்ட நூல் அடையாளம் இன்னும் இருந்தது. தம்பி ஜீப்பை ஒட்டியே நின்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இங்க யாரோ வதந்தி பரப்பறாங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றார் ஆபீசர். "தண்ணி எப்படின்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்றது குற்றம். அது உங்களுக்கெல்லாம் தெரியணும்."

தந்தி முன்னால் வந்தாள். "கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லல சார். நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டிருக்கறதே நான்தான். நீங்க வாயால சொல்ல வேண்டாம். ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க, போதும்."

ஆபீசர் தொண்டையைத் தடவிக்கொண்டார். "எனக்குத் தொண்டை சரியில்ல. டாக்டர் வெந்நீர்தான் குடிக்கணும்னு சொல்லியிருக்கார்." திரும்பினார். சிரித்தபடியே, "உங்க தம்பியே இருக்காரே. வீட்டு மனுஷன். அவர் குடிப்பாரு" என்றார்.

தந்திக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தெருவின் பயமும் போகும், தம்பியின் ரோஷமும் போகும். ஓடிப்போய்க் கிணற்றில் இறைத்து, செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிடா. கால்சட்டைக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். எல்லார் முன்னாடியும் கேக்கறேன். நீ இதைக் குடிச்சாத்தான் நான் உனக்கு அக்கா."

தம்பி செம்பைப் பார்த்தார். ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்ததும் தம்பியின் பார்வை அங்கிருந்து சட்டென்று விலகியது. செம்பை வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

கூட்டம் மூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள். தந்தி தம்பியின் கன்னத்தைத் தடவி, "அப்பாடா!" என்றாள். அடுத்த நிமிஷம் தெருவில் இறங்கிவிட்டாள். "என் தம்பி குடிச்சிட்டான்! இலாகாக்காரனே குடிச்சிட்டான்! இனிமே என்ன பயம்? போங்க, அவங்கவங்க கிணத்துல இறைச்சுக்கோங்க!" ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள். தந்திக்கு இதைவிட நல்ல சேதி எப்போது கிடைத்தது?

தம்பி முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனார். மருமகளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவளும் பின்னாலேயே போனாள்.

கொடியில் தொங்கிய விரிப்புகளுக்கு அப்பால், சாக்கடை ஓரமாக அவர் குந்தியிருந்தார். இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் எடுக்கப் பார்த்தார். கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. குடித்தது எல்லாம் வந்த பிறகும் விரலை விட்டுக்கொண்டே இருந்தார்.

"மாமா" என்றாள்.

அவர் திரும்பி வாயைத் துடைத்தார். "ஒண்ணுமில்லம்மா. வெயிலு."

"எனக்கும் இத்தனை நாளா வெயிலுதானா மாமா?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனுஷன் அழுவதை அவள் அதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. "இன்னிக்கே கிளம்பிடு தாயி. பஸ் என்ன, நடந்தாவது போயிடு" என்றார். "அக்காகிட்ட மட்டும்... அவ வாயில விழுந்தா நான் திரும்பி வர மாட்டேன்." முன்பக்கம் ஜீப்பின் ஹாரன் அடித்தது. அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு போனார்.

தந்தி வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தபோது, சமையல் அறையில் குடம் கவிழ்ந்து கிடந்தது. மருமகள் பானையையும் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் தண்ணீர்.

"என்னடி பண்றே?"

"அவர் கோவத்துல ஒண்ணும் கை நனைக்காம இருக்கல அத்தை." மருமகள் சொல்லிவிட்டாள். பார்த்ததைச் சொன்னாள், கேட்டதையும் சொன்னாள். அடங்கிய குரலில், ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

தந்தி ஈரத் தரையில் நின்றாள். பழம் ஞாபகம் வந்தது. பாட்டில் ஞாபகம் வந்தது. கேன் ஞாபகம் வந்தது. நல்ல தண்ணீரைத் தன் கையாலேயே சோப்புத் தொட்டியில் கொட்டியது ஞாபகம் வந்தது. மருமகளின் வயிற்றைப் பார்த்துவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சொன்னால் தம்பி போய்விடுவான். சொல்லாவிட்டால் தெரு குடிக்கும். பிறந்ததிலிருந்து ஒரு சேதியையும் அடக்கி வைத்தறியாத வாய் அது. அடக்குவது எப்படி என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, மனசுல வச்சுக்காத. தெரியாம குழாய்க்குப் போயிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே பின்வாசல் வழியாக ரொட்டிக்காரி குடத்தோடு வந்தாள். கிணற்றடியில் குடத்தை வைத்துக் கயிற்றைப் பிடித்தாள். "உன் தம்பி குடிச்சதைப் பாத்தப்புறம்தான் நிம்மதி. தண்ணி நல்லாத்தானே இருக்கு?"

தந்தி பாய்ந்து போய்க் கயிற்றைப் பிடுங்கினாள்.

"யாருடி உன்னை என் கிணத்துல கையை வைக்கச் சொன்னது?"

"அக்கா?"

"பயம்னதும் குழாய்க்கு ஓடினவதானே நீ? இப்ப எந்த மூஞ்சியோட வந்தே? இனிமே என் கிணத்துல உன் கை நனையக் கூடாது. போ வெளியே!" குடத்தை எடுத்து வீசினாள். அது சிமெண்டில் மோதி நசுங்கியது.

ரொட்டிக்காரி நசுங்கிய குடத்தைப் பார்த்தாள். கண் கலங்கியது. "இத்தனை வருஷம் பழகி இப்படிப் பேசிட்டியே" என்றாள். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "உன் கிணறு ஒண்ணுதான் இருக்கா ஊர்ல? செத்தாலும் இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தந்தி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகட்டும், பிழைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம், தையல்காரர் வீட்டுக் கிணற்றில் உருளை கிறீச்சிடும் சத்தம் கேட்டது. "நல்லா நிறைய எடுத்துக்கம்மா" என்று தையல்காரர் சொல்வதும் கேட்டது.

"அத்தை" என்றாள் மருமகள்.

"நீ துணியை எடுத்து வை. உன் புருஷன் துணி குடுத்துட்டு வந்ததும் பஸ்ஸுக்குக் கிளம்புங்க" என்றாள் தந்தி. தலைமுடியை அள்ளி இறுக்கி முடிந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் தையல்காரரோடு சண்டை போட்டு அந்தக் கயிற்றையும் பிடுங்குவதற்காகத் தெருவில் இறங்கினாள். அதற்கு அடுத்த வீட்டிலும் கிணறு இருந்தது.